ரோடு போட்டாச்சு, பில்லும் பாஸாயாச்சு... அந்த எம்-புக்கைக் கொஞ்சம் காட்டுங்க சார்!

போன இதழ்ல, நம்ம வரிப்பணம் எப்படிச் செலவாகுதுன்னு மாநகராட்சிகிட்ட கணக்குக் கேக்குற வரி கட்டுறவங்க சங்கம் பத்தி ரெண்டே ரெண்டு பத்தி எழுதினேன், அதுக்கே இவ்வளவு கடிதம் வரும்னு நினைக்கல. பாதிப் பேர் திட்டியிருக்கீங்க, பாதிப் பேர் "எங்க ஊர்லயும் ஆரம்பிக்கணும், என்ன செய்யணும்"னு கேட்டிருக்கீங்க. எல்லாத்துக்கும் பதில் போட இடம் இல்ல, ஒரே மாதிரி கேள்வியைச் சேத்துட்டேன். நான் வக்கீலும் இல்ல, இன்ஜினியரும் இல்ல. எங்க ஏரியா சங்கத்துல எட்டு வருஷமா ஃபைல் தூக்கிக்கிட்டு அலையுற ஆள், அவ்வளவுதான்.

எங்க தெருல ஏற்கனவே குடியிருப்போர் நலச் சங்கம் இருக்கு. பொங்கலுக்கு கோலப்போட்டி வைக்கிறோம், கவுன்சிலர்கிட்ட மனு குடுக்கிறோம். இது போக வரி செலுத்துவோர் சங்கம்னு தனியா எதுக்கு? அதே பத்துப் பேர்தானே ரெண்டுலயும் உக்காந்திருக்கப் போறாங்க?
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மடிப்பாக்கம்)

அதே பத்துப் பேரா இருந்தா ஒண்ணும் தப்பில்ல சார், ஆனா கேக்குற கேள்வி வேற. நலச் சங்கம் "எங்க தெருவுக்கு லைட்டு போடுங்க"ன்னு கேக்கும். வரி கட்டுறவங்க சங்கம் "போட்ட லைட்டுக்கு எவ்வளவு பில் போட்டீங்க, எத்தன கம்பம்னு எழுதியிருக்கீங்க, வாங்க சேந்து எண்ணிப் பாக்கலாம்"னு கேக்கும். முதல் கேள்விக்கு அதிகாரிங்க சிரிச்சு காபி குடுப்பாங்க, ரெண்டாவது கேள்விக்கு காபி வராது.

இது புதுசா யாரும் கண்டுபிடிச்சதும் இல்ல. நம்ம ஊர்லயே பழைய முனிசிபாலிட்டிகள்ல ரேட்பேயர்ஸ் அசோசியேஷன்னு, அதாவது வரி கட்டுறவங்க சங்கம்னு லெட்டர்பேடு அடிச்சு வச்சிருந்த வக்கீல் தாத்தாக்கள் உண்டு, உங்க அப்பாகிட்ட கேட்டா சொல்லுவாரு. ஒரு வித்தியாசம், அவங்க கையில ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம் இல்ல. நம்ம கையில 2005ல இருந்து இருக்கு, நாமதான் அதை பரண் மேல போட்டு வச்சிருக்கோம்.

2022ல சொத்து வரியை ஏத்தினாங்க, இப்ப வருஷா வருஷம் 6% வேற ஏறுதுங்கறாங்க. சங்கம் ஆரம்பிச்சா முதல் வேலையா வரியைக் குறைக்கப் போராடணும். சரிதானே?
(வாசகி, கோயம்புத்தூர்)

உங்க கோவம் எனக்குப் புரியுதுங்க, எனக்கும் பில்லைப் பாத்தப்ப கண்ணு கட்டிச்சு. ஆனா நான் ஒத்துக்க மாட்டேன்.

சென்னையில 1998க்கு அப்புறம், மத்த நகரங்கள்ல 2008க்கு அப்புறம், ஒழுங்கா ஒரு வரி சீரமைப்பு நடக்கல. 2018ல ஏத்தினாங்க, மறு வருஷமே நிறுத்தி வச்சாங்க. மத்திய அரசுப் பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் எப்படிப் பிரிக்கணும்னு சொல்ற 15வது நிதிக்குழு வேற, சொத்து வரியை காலத்துக்கேத்த மாதிரி மாத்தினாத்தான் உள்ளாட்சிக்கு மானியம்னு கண்டிஷன் போட்டுச்சு. அதனால 2022 ஏப்ரல்ல மொத்தமா வந்து தலைல விழுந்துச்சு. சென்னையோட பழைய பகுதியில 600 சதுர அடிக்குள்ள இருக்கிற வீட்டுக்கு 50%, 1800 சதுர அடிக்கு மேல போனா 150%னு ஏறுச்சு. கொஞ்சம் கொஞ்சமா ஏத்தியிருந்தா யாருக்கும் வலிச்சிருக்காது. இருபது வருஷம் தூங்கிட்டு எந்திரிச்சு ஒரே அடி அடிச்சதுதான் பிரச்னை.

வரியைக் குறைக்கிறதையே தொழிலா எடுத்துக்கிட்ட சங்கங்க அமெரிக்கால உண்டு. கலிஃபோர்னியால 1978ல ஓட்டெடுப்பு வச்சு சொத்து வரி, சொத்தோட மதிப்புல 1%க்கு மேல போகக்கூடாது, மதிப்பும் வருஷத்துக்கு 2%க்கு மேல ஏறக்கூடாதுன்னு பூட்டு போட்டாங்க. வரி வருமானம் பாதிக்கும் கீழ விழுந்துச்சு, அப்புறம் பள்ளிக்கூடம், லைப்ரரின்னு எல்லாத்துக்கும் மாநில அரசுகிட்ட கையேந்த வேண்டியதாச்சு. இன்னொரு கூத்து, ஒரே தெருல ஒரே மாதிரி ரெண்டு வீடு, நாப்பது வருஷமா இருக்கிறவர் கொஞ்சூண்டு கட்டுவாரு, போன வருஷம் வாங்கின புள்ள பல மடங்கு கட்டும்.

அதனால நம்ம சங்கம் "குறை"ன்னு கேக்க வேண்டாம், "கணக்கைக் காட்டு"ன்னு கேக்கலாம். உங்க சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்க, அதுல நூலக வரின்னு தனியா ஒரு வரி இருக்கும், சொத்து வரில 10%. மாநகராட்சி அதை வசூல் பண்ணி நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டணும். போன மூணு வருஷம் எவ்வளவு வசூலாச்சு, எவ்வளவு கட்டினீங்க, பாக்கி எவ்வளவு? சங்கத்தோட முதல் ஆர்.டி.ஐ.யா இதைப் போடுங்களேன். சின்னக் கேள்வி, சுத்தி வளைச்சு பதில் சொல்ல முடியாது.

(கூடவே ஒரு உபரித் தகவல், அரையாண்டு தொடங்கின முதல் 30 நாளுக்குள்ள கட்டினா 5% ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். லேட்டானா மாசம் 1% தண்டம். வரியைத் திட்டிக்கிட்டே லேட்டா கட்டுறது ரெட்டை நஷ்டம்.)

நான் வாடகை வீட்ல இருக்கேன். எங்க ஏரியா வரி செலுத்துவோர் சங்கத்துல சேரப் போனேன், சொத்து வரி ரசீது கொண்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. கொஞ்சம் அவமானமாப் போச்சு.
(ஐ.டி. ஊழியர், வேளச்சேரி)

அவமானம் உங்களுக்கு இல்லங்க, அந்தச் சங்கத்துக்குத்தான். ஹவுஸ் ஓனர் சொத்து வரியை சொந்தப் பாக்கெட்ல இருந்தா கட்டுறாரு? 2022ல வரி ஏறுன மறு மாசம் எத்தன வீட்ல வாடகை ஏறுச்சுன்னு ஊருக்கே தெரியும். நீங்க வாங்குற சோப்புல, போடுற பெட்ரோல்ல எல்லாத்துலயும் வரி இருக்கு, மாநகராட்சிக்கு வர்ற நிதில மாநில அரசு, மத்திய அரசு குடுக்கிற பங்கும் அந்தப் பணத்துல இருந்துதான் வருது. ஆத்தோரக் குடிசையில இருக்கிற அம்மா கூட வரி கட்டுறவங்கதான், சொல்லப்போனா குழாய்ல தண்ணி வரலைன்னா முதல்ல பாதிக்கப்படுறது அவங்கதான்.

எங்க சங்கத்துலயும் ஆரம்பத்துல இந்த ரசீது விதி இருந்துச்சு, நானே கை தூக்கி ஆதரிச்சவன், இப்ப வெக்கமா இருக்கு. ஒரு வருஷத்துல பாத்தா கூட்டத்துல இருந்த எல்லாருமே 55 வயசுக்கு மேல, எல்லாருக்கும் சொந்த வீடு, எல்லாரோட புகாரும் பார்க் வாக்கிங் டிராக் பத்தி. பொதுக் கழிப்பறை பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசல, ஏன்னா யாருக்கும் அது தேவைப்படல. விதியை எடுத்தோம். அப்புறம்தான் இஸ்திரி வண்டிக்காரர் ஒருத்தர் வந்து சேந்தாரு, காலைல ஆறு மணில இருந்து தெருமுனைல நிக்கிற மனுஷன், எந்த லாரி எத்தன மணிக்கு வருதுன்னு அவர்கிட்டதான் கணக்கு இருந்துச்சு. அவரை விட நல்ல ஆடிட்டர் கிடைக்க மாட்டாங்க.

எங்க தெருவுக்குத் தார் ரோடு போட்டு ஒரு வருஷம் கூட ஆகல, ஜல்லி வெளிய வந்துருச்சு. ஊழல்னு எல்லாருக்கும் தெரியுது, ஆனா எப்படி நிரூபிக்கிறது?
(ஆட்டோ உதிரிபாகக் கடைக்காரர், திருச்சி)

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல "ஊழல்"ங்கற வார்த்தையை பீரோல பூட்டி வைங்க. அந்த வார்த்தையைச் சொன்ன உடனே எதிர்ல இருக்கிறவர் காதை மூடிக்குவார். நமக்கு வேண்டியது நாலு பேப்பர். எஸ்டிமேட், ஒர்க் ஆர்டர், எம்-புக், பில். எஸ்டிமேட்ல என்ன செய்யப் போறோம்னு இருக்கும், ஒர்க் ஆர்டர்ல யாருக்கு என்ன ரேட்டுன்னு இருக்கும், பில்லுல எவ்வளவு குடுத்தோம்னு இருக்கும். இந்த மூணையும் முடிச்சுப் போடுறதுதான் எம்-புக், அதாவது அளவுப் புத்தகம். ஜே.இ.யோ (இளநிலைப் பொறியாளர்) ஏ.இ.யோ (உதவிப் பொறியாளர்) சைட்டுக்கு வந்து நீளம், அகலம், கனம் அளந்து தன் கையால எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய நோட்டு. அதுல எழுதுற நம்பருக்குத்தான் காசு. பேப்பர்ல 40 எம்.எம்.னு எழுதினா ரோட்ல 25 இருந்தாலும் 40க்குத்தான் பணம் போகும்.

இப்ப ஒரு கணக்குப் போடுவோம். தெரு நீளம் 200 மீட்டர், அகலம் 4 மீட்டர், எஸ்டிமேட்ல கனம் 40 எம்.எம்.னு வச்சுக்கோங்க. பெருக்கினா 32 கன மீட்டர் தார்க் கலவை. ஒரு கன மீட்டர் கிட்டத்தட்ட 2.4 டன் வரும், அப்ப சுமாரா 77 டன். 16 டன் டிப்பர்னா அஞ்சு லோடு இறங்கியிருக்கணும். கனத்தை 30 எம்.எம்.ஆ குறைச்சா 58 டன் போதும், நாலு லோடு கூட முழுசா வேண்டாம். அந்த ஒரு லோடு எங்க போச்சுங்கறதுதான் உங்க கேள்வி! இதுக்கு இன்ஜினியரிங் படிக்க வேண்டாம், ராத்திரி முழிச்சிருந்து லாரி எண்ணத் தெரிஞ்சா போதும். தார்க் கலவை பிளாண்ட்ல இருந்து வர்ற ஒவ்வொரு லாரிக்கும் எடைச் சீட்டு இருக்கும், அதோட நகலையும் ஆர்.டி.ஐ.ல கேளுங்க.

அளக்கும்போது ஒரு எச்சரிக்கை, இது என் சொந்த அசட்டுத்தனம். முதல் தடவ எங்க தெருவுக்கு ரோடு போட்டப்ப நான் ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஸ்கேல் எடுத்துட்டுப் போயி கலவையைக் கொட்டிப் பரப்பின உடனே குத்திப் பாத்தேன், சரியா 40 இருந்துச்சு, காண்ட்ராக்டர் ஆளுக்குக் கை குடுத்துட்டு "இப்படித்தான் இருக்கணும் தம்பி"ன்னு பாராட்டிட்டு வந்து தூங்கிட்டேன். ரோலர் ஓடினா கலவை அமுங்கும்ங்கற அறிவு கூட எனக்கு இல்ல. காலைல பாத்தா 32. எஸ்டிமேட்ல சொல்ற கனம் எப்பவும் ரோலர் ஓடி அமுங்கின பிறகு இருக்க வேண்டிய கனம். அந்தப் பையன் என்னைப் பாத்து ஏன் அப்படிச் சிரிச்சான்னு அப்பத்தான் புரிஞ்சுது.

போட்டு முடிச்ச ரோட்டுல கனம் பாக்க கோர் கட்டிங்னு ஒரு முறை இருக்கு, குழாய் மாதிரி மெஷினால வெட்டி ஒரு துண்டை எடுப்பாங்க. ஆர்.டி.ஐ. சட்டம் 2(ஜே) பிரிவைப் படிச்சுப் பாருங்க, வேலையை நேர்ல பாக்குற உரிமை, சான்றளிக்கப்பட்ட பொருள் மாதிரி வாங்குற உரிமை ரெண்டும் அதுலயே இருக்கு. நிறையப் பேருக்கு ஆர்.டி.ஐ.ன்னா பேப்பர் மட்டும்தான்னு நினைப்பு. நாமளா கடப்பாரை எடுத்துத் தோண்டக்கூடாது, அது வேற கேஸ் ஆயிடும்.

அடுத்து மில்லிங். பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும், இல்லன்னா ரோடு ஒசந்துக்கிட்டே போகும், வீடு பள்ளத்துக்குள்ள போகும், மழைத்தண்ணி ஹாலுக்குள்ள வரும். 2021 மே மாசம் அப்ப தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு இதை உத்தரவாவே போட்டாரு. எஸ்டிமேட்ல மில்லிங்குக்குத் தனியா காசு போட்டிருக்கான்னு பாருங்க. காசு போட்டிருந்து ரோடு முன்னைவிட ஒசரமா இருந்தா, ரோடு போடுறதுக்கு முன்னாடி எடுத்த ஒரு போட்டோ போதும், வாசப்படி எத்தனைன்னு எண்ணினா தெரிஞ்சிடும். அதனாலதான் சொல்றேன், வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்து வைங்க. பின்னாடி யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கடைசியா, உங்க ரோடு ஒரு வருஷத்துல போச்சுன்னா நிரூபிக்கவே வேண்டாமா இருக்கலாம். காண்ட்ராக்ட்ல குறைபாட்டுப் பொறுப்புக் காலம்னு ஒண்ணு எழுதியிருக்கும், அதுக்குள்ள ரோடு பழுதானா காண்ட்ராக்டர் தன் செலவுல சரி பண்ணணும், அதுக்காக டெபாசிட் பிடிச்சு வச்சிருப்பாங்க. அந்தக் காலம் எவ்வளவு, டெபாசிட்டைத் திருப்பிக் குடுத்தாச்சான்னு ஒரு ஆர்.டி.ஐ. போட்டுப் பாருங்க. எங்க அனுபவத்துல இந்த ஒரு கேள்விக்குப் பதில் வர்றதுக்குள்ள ரோட்டுக்குப் பேட்ச் ஒர்க் வந்துருச்சு.

ஆர்.டி.ஐ.ல எம்-புக் நகல் கேட்டேன். "கோரப்படும் தகவல் மிக விரிவானது, அலுவலக நேரத்தில் நேரில் வந்து பார்வையிட்டுக் கொள்ளலாம்"னு பதில் வந்துருக்கு. தட்டிக் கழிக்கிறாங்களா?
(கல்லூரி மாணவி, சேலம்)

தட்டித்தான் கழிக்கிறாங்க, ஆனா தெரியாம லட்டை உங்க கையில குடுத்துட்டாங்க. போயிப் பாரும்மா! நகல் கேட்டா நீ கேட்ட பக்கம் மட்டும்தான் வரும், நேர்ல போனா ஃபைலைத் திறந்து வைப்பாங்க, பக்கத்துல இருக்கிற குறிப்பு, அடிச்சுத் திருத்தினது, வேற வேற இங்க்ல ஒரே நாள்ல எழுதின ஆறு மாசத்து அளவு, எல்லாம் கண்ல படும். முதல் ஒரு மணி நேரம் பாக்குறதுக்குக் காசு கிடையாது. நகல் வேணும்னா பக்கத்துக்கு ரெண்டு ரூபாய்.

தனியாப் போகாத, இன்னொருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போ. ஒருத்தர் படிக்கணும், ஒருத்தர் எழுதணும். போறதுக்கு முன்னாடி எந்த தேதி, எத்தன மணி, எந்த அதிகாரின்னு எழுத்துல வாங்கிக்கோ, இல்லன்னா "சார் சைட்டுக்குப் போயிருக்காரு"ம்பாங்க. நாங்க ஒரு ஆபீஸ்ல மூணு தடவ அந்த சாரைத் தேடிப் போனோம், சார் பாவம், எப்பப் பாத்தாலும் சைட்லயேதான் இருந்தாரு, ஆனா சைட்ல இருந்தவங்க யாரும் அவரைப் பாத்ததில்ல.

மத்தபடி வழக்கமான கணக்குதான்: 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள் காத்திருப்பு, பதில் வரலைன்னாலோ திருப்தி இல்லைன்னாலோ அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு, அதுக்கும் மேல மாநிலத் தகவல் ஆணையத்துக்கு 90 நாளுக்குள்ள ரெண்டாவது மேல்முறையீடு. எதுக்காகக் கேக்குறீங்கன்னு கேட்டா சொல்ல வேண்டிய அவசியம் இல்ல, சட்டமே அப்படித்தான் சொல்லுது. ஆணையத்துல கேஸ் தேங்கிக் கிடக்கும், அதனால முதல் மனுவையே ஒரு தெரு, ஒரு வேலை, ஒரு வருஷம்னு சுருக்கமா எழுதுறதுதான் புத்திசாலித்தனம். "கடந்த பத்தாண்டுகளில் மாநகராட்சி செய்த அனைத்துப் பணிகள்"னு கேட்டா அவங்க குடுத்தாலும் நம்மால படிச்சு முடிக்க முடியாது.

சங்கத்தோட பேர்ல ஆர்.டி.ஐ. போட்டோம், திருப்பி அனுப்பிட்டாங்க.
(தாம்பரம்)

சட்டத்துல குடிமகனுக்குத்தான் உரிமை, சங்கத்துக்கு இல்ல. தலைவரோ செயலாளரோ தன் சொந்தப் பேர்ல, சொந்தக் கையெழுத்துல போடணும். ஒவ்வொரு மாசமும் வேற வேற ஆள் போடுங்க, ஒரே ஆள் மேல கண்ணு விழாது.

குப்பை அள்ளுறதைத் தனியாருக்குக் குடுத்துட்டாங்க. இப்ப யாரைக் கேள்வி கேக்குறது? கம்பெனிக்கு ஆர்.டி.ஐ. போட முடியாதுங்கறாங்களே?
(இல்லத்தரசி, பெருங்குடி)

கம்பெனிக்குப் போட வேண்டாம், கம்பெனியோட ஒப்பந்தம் போட்டது மாநகராட்சிதானே, அங்க போடுங்க. ஒப்பந்தம், மாசா மாசம் குடுத்த பணம், பிடிச்ச அபராதம், எல்லாம் மாநகராட்சி ஃபைல்ல இருக்கும்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. முன்னாடி டன் கணக்குக்குக் காசு. எடைக்குக் காசுன்னா எடை ஏத்தத்தான தோணும், கட்டிட இடிபாடு, மண்ணு எல்லாம் லாரில ஏறும், தெருமுனைக் குப்பை அங்கயே கிடக்கும். 2020ல சென்னைல கொண்டு வந்த புது ஒப்பந்தங்கள்ல அதை மாத்தி கே.பி.ஐ. முறைன்னு வச்சாங்க, அதாவது வீடு வீடா வந்து வாங்குனாங்களா, தரம் பிரிச்சாங்களா, தொட்டி நிரம்பி வழியாம இருந்துச்சான்னு மார்க் போட்டு அதுக்கேத்த மாதிரி காசு. பேப்பர்ல அருமையான முறை. மார்க் போடுறது யாரு, எப்பப் போட்டாங்க, உங்க வார்டுக்குப் போன மாசம் என்ன மார்க்? அதைக் கேளுங்க. நீங்க ஒரு மாசம் காலண்டர்ல வண்டி வந்த நாளை டிக் பண்ணி வச்சிருந்தா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம்.

அப்புறம் ஒரு விஷயம், தயவுசெஞ்சு தூய்மைப் பணியாளர்கள்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. ஒப்பந்தத்துல எத்தன பேர் வேலை செய்யணும்னு இருக்கு, நிஜத்துல எத்தன பேர் வர்றாங்க, அவங்களுக்கு என்ன சம்பளம்னு எழுதியிருக்கு, கையில என்ன கிடைக்குது, அதுவும் உங்க வரிப்பணக் கணக்குதான். அதை அவங்ககிட்ட உக்காந்து பேசினாலே பாதி ஆடிட் முடிஞ்ச மாதிரி.

ஏரியா சபைக் கூட்டம்னு போனேன். கவுன்சிலரோட ஆளுங்க முன் வரிசைல உக்காந்து கை தட்டுனாங்க, போண்டா குடுத்தாங்க, முடிஞ்சுது. இதுல என்ன பிரயோஜனம்?
(வாசகர், மதுரை)

போண்டா நல்லா இருந்துச்சா? சும்மா கேட்டேன், கோவிச்சுக்காதீங்க.

அரசியல் சட்டத்தோட 74வது திருத்தம் 1993ல அமலுக்கு வந்துச்சு, மூணு லட்சம் பேருக்கு மேல இருக்கிற நகரத்துல வார்டு கமிட்டி வேணும்னு அதுல இருக்கு. கிராமத்துக்காரங்களுக்கு கிராம சபை கிடைச்சுது, நகரத்துல இருக்கிற நமக்கு வார்டு கமிட்டி, ஏரியா சபைக்கான விதிகள் வர 2022 ஆச்சு. அந்த வருஷம் நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சிகள் தினத்துல முதலமைச்சரே பம்மல்ல ஏரியா சபைல வந்து உக்காந்தாரு. முப்பது வருஷம் காத்திருந்து வந்த ஒண்ணை ஒரு போண்டால விட்டுடாதீங்க. அந்தப் பகுதி வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற எல்லாரும் அதுல உறுப்பினர், யாரும் உங்களைக் கூப்பிடணும்னு அவசியம் இல்ல.

கூட்டத்துல எழுந்து ஆவேசமாப் பேசாதீங்க, கை தட்டல்ல அமுங்கிடும். ரெண்டே வரி எழுதிக்கிட்டுப் போங்க, உதாரணமா "இந்த நிதியாண்டில் இந்த வார்டில் வார்டு மேம்பாட்டு நிதியில் எடுக்கப்பட்ட பணிகள், ஒவ்வொன்றுக்கும் ஆன செலவு, அடுத்த கூட்டத்தில் பலகையில் எழுதி வைக்கப்பட வேண்டும்". இதை வாசிச்சுட்டு, நடவடிக்கைக் குறிப்புல ஏத்துங்கன்னு சொல்லி, ஏத்துற வரைக்கும் நின்னுக்கிட்டே இருங்க. பத்துப் பேர் நின்னா போதும். மறு கூட்டத்துல போன கூட்டத்துக் குறிப்பைப் படிக்கச் சொல்லுங்க. கவுன்சிலர்களை எல்லாம் வில்லனாவும் நினைக்க வேண்டாம், பல பேருக்கு அவங்க வார்டுல நடக்குற வேலையோட எஸ்டிமேட்டை அதிகாரிங்களே காட்டுறதில்ல. எங்க பக்கத்து வார்டு கவுன்சிலரம்மா ரகசியமா எங்ககிட்ட நகல் வாங்கிட்டுப் போனாங்க.

ஆர்.டி.ஐ. போட்ட மூணாவது நாள் காண்ட்ராக்டரோட ஆள் வீட்டுக்கு வந்து "அண்ணே உங்களுக்கு என்ன வேணும்"னு கேட்டாரு. வீட்ல எல்லாரும் பயந்துட்டாங்க. விட்டுடலாமான்னு இருக்கு.
(பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

பயம் வர்றது நியாயம்தான், இந்த நாட்டுல ஆர்.டி.ஐ. போட்டதுக்காக உசிரை விட்டவங்க இருக்காங்க, அதனால நான் "தைரியமா இருங்க"ன்னு சும்மா வசனம் பேச மாட்டேன். அந்த "என்ன வேணும்"க்கு ரெண்டு அர்த்தம். ஒண்ணு மிரட்டல். இன்னொண்ணு நிஜமாவே ரேட் கேக்குறாங்க, ஏன்னா ஆர்.டி.ஐ. போட்டு மிரட்டிக் காசு வாங்குற கும்பல் ஊருக்கு ஊர் இருக்கு, அவங்களால நமக்கும் அந்தப் பேரு.

அதனால எங்க வழக்கம் இது. காண்ட்ராக்டரை வீட்லயோ டீக்கடைலயோ தனியாப் பாக்குறதில்ல, ஆபீஸ்ல ரெண்டு பேரா மட்டும்தான். ஒரே மனுவை மூணு பேர் தனித்தனியாப் போடுவோம், ஒருத்தரை மிரட்டிப் பிரயோஜனம் இல்லன்னு தெரிஞ்சிடும். கிடைச்ச பேப்பரைக் கிடைச்ச அன்னிக்கே சங்கத்துல பத்துப் பேருக்கு அனுப்பிடுவோம், எல்லார்கிட்டயும் இருக்கிற பேப்பருக்காக யாரும் யாரையும் தேடி வர மாட்டாங்க. வாட்ஸ்அப்ல யாரையும் திருடன்னு எழுதுறதில்ல, அவதூறு கேஸ் போட்டா அலையுறது நாமதான். வந்த ஆள் மறுபடி வந்தாருன்னா தேதி, நேரம் குறிச்சு போலீஸ்ல எழுத்துல குடுங்க, ரசீது வாங்குங்க. உங்களால முடியலைன்னா விலகிக்கோங்க, அதுல ஒரு தப்பும் இல்ல, அடுத்தவர் எடுத்துக்குவாரு, சங்கம்னு ஒண்ணு அதுக்குத்தானே.

புகார் குடுக்குற அளவுக்குக் கணக்கு இடிச்சா முதல்ல கமிஷனர், அப்புறம் உள்ளாட்சி அமைப்புகளுக்கான முறைமன்ற நடுவம் (உள்ளாட்சி மேல வர்ற புகாரை விசாரிக்கிற ஆம்பட்ஸ்மேன்), லஞ்சம்தான்னு ஆதாரம் இருந்தா லஞ்ச ஒழிப்புத் துறை. இந்த வரிசையில போங்க.

இந்த மாதிரி சங்கங்களால எங்கயாவது எதாவது மாறியிருக்கா? ஒரு உதாரணம் சொல்லுங்க பாப்போம்.
(சவால் விட்டவர், திருநெல்வேலி)

மூணு சொல்றேன். நியூயார்க்ல 1900கள்ல சில பேர் சேந்து மன்ஹாட்டன் பகுதி நிர்வாகம் தெரு ரிப்பேருக்கும் மத்ததுக்கும் செஞ்ச செலவைத் தோண்டி அறிக்கை போட்டாங்க, விசாரணை நடந்து 1907 கடைசில கவர்னர் அந்தப் பகுதித் தலைவரைப் பதவில இருந்து இறக்கினார். பெங்களூர்ல 2002ல ப்ரூஃப்னு ஒரு இயக்கம், மாநகராட்சி மூணு மாசத்துக்கு ஒரு தடவ வரவு செலவைப் பொதுமக்கள் முன்னால வைக்கணும்னு கேட்டு நிஜமாவே வைக்க வச்சாங்க.

எனக்குப் பிடிச்சது மூணாவதுதான். ராஜஸ்தான் பாலி மாவட்டத்துல கோட் கிரானான்னு ஒரு கிராமம், 1994 டிசம்பர், மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்ங்கற தொழிலாளர், விவசாயிகள் அமைப்புக்காரங்க ஊருக்கு நடுவுல பந்தல் போட்டு பஞ்சாயத்து வேலையோட மஸ்டர் ரோலை, அதாவது யார் வேலைக்கு வந்தாங்க, என்ன கூலின்னு எழுதுற பதிவேட்டை உரக்கப் படிச்சாங்க. படிக்கப் படிக்க, அந்த வேலைக்கே போகாதவங்க பேரெல்லாம் கூலி வாங்கினதா வருது. "நம்ம பணம், நம்ம கணக்கு"ன்னு அவங்க போட்ட கோஷம்தான் சுத்திச் சுத்தி 2005ல உங்க கைல ஆர்.டி.ஐ. சட்டமா இருக்கு. அந்தக் கூட்டத்துல இருந்த பல பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது சார். நம்மகிட்ட எக்ஸெல் இருக்கு.

சங்கம் ஆரம்பிச்சு ஏழு மாசம். முப்பது பேர் இருந்தோம், இப்ப ஆறு. வாட்ஸ்அப் குரூப்ல குட் மார்னிங் மட்டும் தவறாம வருது. என்ன பண்றது?
(வாசகர், ஆவடி)

ஆறு பேர் தாராளம். பதிவு பண்ற யோசனை இருந்தா மட்டும் இன்னொருத்தரைத் தேடுங்க, 1975 சங்கங்கள் சட்டத்துக்கு ஏழு பேர் வேணும். பதிவு பண்ணாமயும் இதெல்லாம் செய்யலாம். குட் மார்னிங்குக்குத் தனி குரூப் ஆரம்பிச்சு எல்லாரையும் அங்க அனுப்பிடுங்க, நாங்க அப்படித்தான் தப்பிச்சோம். மாசத்துக்கு ஒரே ஒரு வேலை எடுங்க, ஒரு கல்வெர்ட் (சின்னப் பாலம்), ஒரு பேருந்து நிழற்குடை, இருபது தெருவிளக்கு, எதுவா இருந்தாலும் பேப்பரும் இடமும் ஒத்துப்போகுதான்னு பாத்து ஒரு பக்க அறிக்கை எழுதி தெருமுனைல ஒட்டுங்க. ஒத்துப்போனாலும் ஒட்டுங்க, "இந்த வேலை எஸ்டிமேட்படி சரியாக இருக்கிறது"ன்னு. எங்க ஏரியா ஏ.இ. ஒருத்தர் அப்படி ஒட்டின நோட்டீஸை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சிருந்தாரு, அதுக்கப்புறம் அவர் ஃபைல் காட்டத் தயங்குனதே இல்ல.

உங்க சங்கக் கணக்கையும் அந்த நோட்டீஸ்லயே போட்டுடுங்க, சந்தா எவ்வளவு, ஸ்டாம்ப் செலவு எவ்வளவுன்னு. எங்க கூட்டத்துல போன வருஷம் அந்த இஸ்திரிக்காரர்தான் எழுந்து நின்னு, "டீ செலவு 340ன்னு போட்டிருக்கீங்களே, அன்னிக்கு வந்தது பதினோரு பேர், டீ பதினஞ்சு ரூபாய், மிச்சம் என்ன?"ன்னு கேட்டாரு. பொருளாளருக்கு மூஞ்சி செவந்துருச்சு. வடைன்னு எழுத மறந்துட்டாராம்.